நீரிறைக்கும் இயந்திரத்திற் புதிய காற்று வடிகட்டி பொருத்தியபின் எழும் ஓசைகள்
அவற்றின் காரணங்களும் பரிகாரங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வல்வெட்டித்துறையிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலும் வெங்காயம், மிளகாய், கத்தரி, புகையிலை முதலிய தோட்டப்பயிர்கள் யாவும் கிணற்று நீரைக் கொண்டே விளைகின்றன. முற்காலத்தில் துலா மிதித்து நீர் இறைத்தனர். 1950 ஆம் ஆண்டுகள் தொடக்கம் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் அவ்விடத்தைப் பெற்றன. இன்று மின்சாரப் பம்புகள் பெருகியுள்ளனவாயினும், மின்கம்பி எட்டாத தோட்டங்களில் மண்ணெண்ணெய் இயந்திரமும், உழவுக்கு இரு சக்கர உழவு இயந்திரமும் இன்றியமையாதனவாகவே இருக்கின்றன.

இவ்வியந்திரங்களிற் கமக்காரர் ‘எயார் கிளீனர்’ என்று வழங்கும் காற்று வடிகட்டி பழுதடையும்போது, கடையிற் கிடைக்கும் வேறொரு வடிகட்டியை வாங்கிப் பொருத்துவது வழக்கம். சிலர் இயந்திரத்தின் வலுவைக் கூட்டலாம் என்னும் எண்ணத்துடன், திறந்த வாயுடைய பஞ்சு வடிகட்டியையோ குறுகிய குழாயையோ பூட்டுகின்றனர். பூட்டிய அன்றே இயந்திரம் முன்னில்லாத ஓர் ஓசையை எழுப்புகின்றது. ‘புதுப் பொருள், அப்படித்தான் சத்தமிடும்’ என்று சிலர் அதனைப் பொருட்படுத்தாது விடுகின்றனர். வேறு சிலர் இயந்திரம் முழுவதையும் கழற்றிப் பெருஞ்செலவு செய்கின்றனர். இவ்விரண்டும் தவறு. ஓசை எங்கிருந்து எழுகின்றது, எப்பொழுது எழுகின்றது என்பவற்றை முறையாக ஆராய்ந்தால், காரணத்தைத் தோட்டத்தில் நின்றவாறே அறிந்துகொள்ளலாம். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காற்று வடிகட்டியின் வேலை

ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 10,000 லீற்றர் காற்று வேண்டும். நாளொன்றுக்கு நான்கு லீற்றர் எரிக்கும் ஓர் இயந்திரம் 40,000 லீற்றர் காற்றை உள்ளே இழுக்கின்றது. சோழகக் காற்று வீசும் மாதங்களில், உழுது காய்ந்த செம்மண்ணும் கரையோர மணலும் காற்றிற் கலந்து பறக்கின்றன. மணலிலுள்ள படிகக்கல் இரும்பினும் கடினமானது. கண்ணுக்குப் புலப்படாத அத்தூள், சிலிண்டரின் உட்சுவரிலுள்ள எண்ணெயுடன் கூடி அரத்தூள் போல வேலை செய்து, பிஸ்ரனையும் அதன் வளையங்களையும் தேய்த்துவிடும். இதனைத் தடுத்தலே வடிகட்டியின் முதல் வேலை.

அதற்கு இரண்டாவது வேலையும் உண்டு. அதனைப் பலர் அறியார். நிமிடத்திற்கு 3,600 முறை சுழலும் நான்கடிப்பு இயந்திரம், செக்கனுக்கு 30 முறை காற்றை உறிஞ்சுகின்றது. ஒவ்வோர் உறிஞ்சலும் ஓர் ஓசையை உண்டாக்கும. வடிகட்டியின் மூடிய பெட்டியும் அதன் ஒடுங்கிய வாயும் அவ்வோசையை அடக்குகின்றன. புகை வெளியேறும் பக்கத்திற்கு ஒரு சைலன்சர் இருப்பதுபோல, காற்று நுழையும் பக்கத்திற்கு இப்பெட்டியே சைலன்சர் ஆகும். ஆதலாற் பெட்டியை நீக்கித் திறந்த வடிகட்டியைப் பூட்டினால் ஓசை கூடுதல் இயல்பே. அவ்வியல்பான ஓசையைப் பழுதின் ஓசையிலிருந்து பிரித்தறிதலே கமக்காரர் செய்யவேண்டியதாகும்.

2. வள்ளத்து இயந்திரமும் தோட்டத்து இயந்திரமும்

வல்வெட்டித்துறை கடற்றொழிலாளரும் கமக்காரரும் அயலவராய் வாழும் இடம். வள்ளத்தின் பின்புறத்திற் பூட்டும் இயந்திரம் வடிகட்டி இல்லாமலே பல ஆண்டுகள் ஓடுவதைக் கண்டு, தோட்டத்து இயந்திரத்திற்கு மட்டும் அது எதற்கு என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. விடை எளிது: கடலிலே புழுதி இல்லை. அங்கு காற்றிலுள்ளது ஈரமும் உப்புமே. ஆகவே அவ்வியந்திரத்தின் காற்று வாயில் ஓசையை அடக்கும் மூடி மட்டும் இருக்கும். அதனைப் பார்த்துத் தோட்டத்து இயந்திரத்தின் வடிகட்டியை நீக்குதல், செருப்பில்லாமல் மணலில் நடந்தவன் முட்காட்டிலும் அவ்வாறே நடக்கலாம் என்று எண்ணுவதை ஒக்கும்.

3. சோதனைக்கு முன் செய்யவேண்டியவை

இயந்திரத்தை ஈரமான, புழுதியற்ற சமநிலத்தில் வைக்கவும். எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும். எண்ணெய் குறைந்தாலும் ஓசை எழும். பின்வரும் நான்கு வினாக்களுக்கும் விடை காண்க.

(அ) ஓசை வடிகட்டி மாற்றிய அன்றே தொடங்கியதா? சில நாட்களின் பின் தொடங்கியதா?
(ஆ) இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது எழுகின்றதா? சூடேறியபின் எழுகின்றதா?
(இ) சுமையில்லாதபோதும் எழுகின்றதா? நீர் இழுக்கும்போது மட்டும் எழுகின்றதா?
(ஈ) ஓசை சீராக வருகின்றதா? விட்டு விட்டு வருகின்றதா?

அடுத்து, பழைய வடிகட்டி கைவசம் இருப்பின் அதனை மீண்டும் பூட்டி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கவும். ஓசை மறைந்தால் காரணம் புதிய வடிகட்டியிலோ அதன் பொருத்திலோ உள்ளது. ஓசை மாறாது நின்றால் காரணம் வேறிடத்தில் உள்ளது. வடிகட்டி மாற்றிய நாளில் அது தற்செயலாகத் தோன்றியதாகும். இவ்வொரு சோதனையே பல வீண்செலவுகளைத் தவிர்க்கும்.

ஓசை பிறக்கும் இடத்தை அறிய, இரண்டு அடி நீளமுள்ள உலர்ந்த மரத்தடி ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையை இயந்திரத்தின் மேற்பாகத்திலும் மறுமுனையைக் காதோரத்திலும் வைத்துக் கேட்கவும். சிலிண்டர், அடிப்பெட்டி, பம்பு ஆகிய இடங்களில் மாறி மாறி வைத்தால், ஓசை உரத்துக் கேட்குமிடம் புலனாகும். சுழலும் பாகங்களின் அருகே தடியையோ சால்வையின் தலைப்பையோ கொண்டுசெல்லலாகாது.

4. ஓசைகளும் அவற்றின் காரணங்களும்

ஆழ்ந்த உறுமல்: இயந்திரத்தின் வேகம் கூடும்போது கூடி, குறையும்போது குறையும் சீரான உறுமல் காற்று வாயிலிருந்து வருமாயின், அது முன்னர்க் கூறிய உறிஞ்சும் ஓசையே. ஒரு பலகையை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்திற் பிடித்தால், ஓசையின் திசை மாறுவதைக் கேட்கலாம். இதனால் இயந்திரத்திற்குக் கேடு இல்லை. ஆயினும் அயலவருக்குத் தொல்லையாகும். அன்றியும் வேறொரு பழுதின் மெல்லிய ஓசையை இவ்வுறுமல் மறைத்துவிடும்.

சீழ்க்கை ஓசை: பொருத்துக்களில் இடைவெளி உண்டு என்பதற்கு இது அடையாளம். இயந்திரம் ஓடும்போது பொருத்தைச் சுற்றிச் சவர்க்கார நீரைச் சிறிது சிறிதாகத் தடவவும். ஓட்டை உள்ள இடத்தில் நீர் உள்ளே இழுக்கப்பட, ஓசை ஒரு கணம் மாறும். இச்சோதனைக்குப் பெற்றோலைப் பயன்படுத்துதல் கூடாது, தீப்பற்றும். ஓட்டை வடிகட்டிக்கும் காபரேற்றருக்கும் இடையில் இருப்பின் புழுதி உள்ளே செல்லும். காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையில் இருப்பின், புழுதியுடன் மிகைக் காற்றும் கலந்து, எண்ணெய்க் கலவை மெலிந்துபோகும். அப்போது இயந்திரம் தானாகவே வேகங் கூடியுங் குறைந்தும் ஓடும். வடிகட்டியை மாற்றும்போது காபரேற்றரை அசைத்திருந்தால் அதன் கஸ்கற் கிழிந்திருக்கலாம், புதியதொன்றை இடவும்.

வேகம் ஏறி இறங்கல்: பொருத்துக்களில் ஓட்டை இல்லாதபோதும் வேகம் ஏறி இறங்கினால், புதிய வடிகட்டியின் தகடோ ஆணியோ கவனரின் கம்பியிலும் சுருளிலும் முட்டுகின்றதா என்று பார்க்கவும். இயந்திரத்தை நிறுத்திக் கம்பியைக் கையால் அசைத்தால், அது தடையின்றி அசைதல் வேண்டும்.

காபரேற்றரிற் தும்மல்: காற்று வாயின் வழியே ‘பட், பட்’ என்று வெடிக்கும் ஓசை வருமாயின், கலவை மெலிந்துள்ளது என்று முதலில் ஐயுறுக. சோக்கைப் பாதியளவு மூடிப் பார்க்கவும். தும்மல் நின்று ஓட்டம் சீர்ப்படின் ஐயம் உறுதியாகும். காற்று மிகையாக நுழையும் வழியை அடைக்கவும். எண்ணெய் வழியிற் கசடு இருப்பின் நீக்கவும். இயந்திரம் சூடேறுமுன் பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றினாலும் இதே தும்மல் எழும். ஆதலால் அதனை முதலில் விலக்கிக்கொள்க. இவற்றால் நிற்காவிடின் காரணம் வால்விலோ பிளக்கிலோ இருத்தல் கூடும்.

உலோக அடி ஓசை: நீர் இழுக்கும்போது ‘டக், டக்’ என்று சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை எழுமாயின் அதனை ஒருபோதும் அசட்டை செய்யலாகாது. சுமையோடு ஓடும்போதே பெற்றோலுக்கு மாற்றிப் பார்க்கவும். சில நிமிடங்களில் ஓசை மறைந்தால், மண்ணெண்ணெய் நெருப்பு அளவுக்கு மிஞ்சிய விரைவில் வெடித்தெரிகின்றது என்பது பொருள். மெலிந்த கலவை, அதிக சூடு, அதிக சுமை, சிலிண்டர்த் தலையிற் படிந்த கரி ஆகியவை இதற்குக் காரணங்கள். புதிய வடிகட்டியின் வாய் சைலன்சரை நோக்கி இருந்தால், சூடான காற்று உள்ளே சென்று இதனைத் தூண்டும். வாயை மறுபுறம் திருப்பவும். பெற்றோலில் ஓடும்போதும் அடி ஓசை மாறாது நின்றால், பெயாரிங்கோ பிஸ்ரனோ தேய்ந்துள்ளது. இயந்திரத்தை உடனே நிறுத்தித் திருத்துநரிடம் காட்டவும்.

கிலுகிலுப்பு: ஒரு குறித்த வேகத்தில் மட்டும் எழுந்து மறையும் கிலுகிலுப்பு, தளர்ந்த ஆணியாலோ வலைத்தகட்டாலோ உண்டாவது. புதிய வடிகட்டி பழையதிலும் பாரமாயிருந்து, அதற்குத் தாங்கு இல்லாவிடின், அதிர்வினாற் காபரேற்றரின் கழுத்தே வெடிக்கக்கூடும். ஆதலால் தாங்கு ஒன்று அமைத்துப் பூட்டவும். கடற்கரையை அடுத்த தோட்டங்களில், வாடைக் காற்றோடு வரும் உப்புத் துவலையால் இரும்பு வளையங்கள் விரைவில் துருப்பிடிக்கும். அவற்றை அடிக்கடி பார்த்து மாற்றுதல் வேண்டும்.

மூச்சுவிடும் ஓசை: சில இயந்திரங்களில், எண்ணெய் நிற்கும் அடிப்பெட்டியிலிருந்து ஒரு சிறு குழாய் பழைய வடிகட்டியுடன் இணைந்திருக்கும். புதிய வடிகட்டியில் அதற்கு இடமில்லாததால் அதனைத் திறந்தபடியே விட்டுவிடுவோர் பலர். அங்கிருந்து ‘புஸ், புஸ்’ என்ற ஓசையுடன் எண்ணெய் தெறிக்கும். புழுதியும் அவ்வழியே நுழையும். அக்குழாயை அடைத்தலுங் கூடாது. அடைத்தால் உள்ளழுத்தம் கூடி எண்ணெய் வேறிடங்களாற் கசியும். குழாய்க்கு வாய் உள்ள வடிகட்டியையே தெரிந்து வாங்குதல் நன்று.

5. பம்பின் ஓசையை இயந்திரத்தின் ஓசையென மயங்குதல்

சில வேளைகளில் இயந்திரமும் வடிகட்டியும் குற்றமற்றவையாயிருக்க, பம்பினுள்ளே கூழாங்கற்கள் உருளுவது போன்ற ஓசை கேட்கும். மழையின்றிக் கிணற்று நீர்மட்டம் தாழும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் இது பெரிதும் நிகழும். காற்றின் அழுத்தம் நீரை 10 மீற்றர் உயரத்திற்கு மேற் சிறிதளவே தாங்கவல்லது. நடைமுறையிற் பம்பு ஏழு மீற்றருக்கு மேல் நீரை நன்கு உறிஞ்சமாட்டாது. அவ்வெல்லையை அணுகும்போது நீரில் ஆவிக்குமிழிகள் தோன்றி உடைந்து, பம்பின் சக்கரத்தை அரிக்கும். இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தால் இவ்வோசை தணியும். கயிற்றிற் கல்லைக் கட்டி இறக்கி, பம்பிலிருந்து நீர்மட்டம் எத்துணை ஆழத்தில் உள்ளது என்று அளந்து பார்க்கவும். உறிஞ்சு குழாயின் அடி வலையையும் துப்புரவு செய்யவும்.

எச்சரிக்கை: நீர் எட்டவில்லை என்று, ஓடும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்குதல் உயிருக்கு ஆபத்தானது. அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சுவாயு நிறமும் மணமும் அற்றது. கிணற்றில் இறங்கியவர் தாம் மயங்குவதை உணருமுன்னே விழுந்துவிடுவார். அவரை மீட்க இறங்குபவருக்கும் அதே கதியே நேரும். இயந்திரம் கிணற்றுக்கு வெளியிலேயே இருத்தல் வேண்டும்.

6. டீசல் உழவு இயந்திரம்

இரு சக்கர உழவு இயந்திரத்திற் காபரேற்றர் இல்லை. ஆகவே அதன் காற்று வழியில் ஓட்டை இருந்தாலும் தும்மலோ வேக ஏற்ற இறக்கமோ தோன்றாது. இயந்திரம் நன்றாக ஓடுவதுபோலவே தோன்றும். புழுதி மட்டும் ஓசையின்றி உள்ளே சென்றுகொண்டிருக்கும். இதனால் டீசல் இயந்திரத்திற் காதை மட்டும் நம்புதல் கூடாது.

அதன் வடிகட்டி பெரும்பாலும் எண்ணெய்த் தட்டு உடையது. தட்டில் எண்ணெயைக் குறித்த கோடு வரையே விடல் வேண்டும். கூடுதலாக விட்டால் இயந்திரம் அவ்வெண்ணெயையே உறிஞ்சி எரித்து, வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி அலறத் தொடங்கும். டீசலை நிறுத்தினாலும் நில்லாது. அவ்வேளையிற் காற்று வாயைத் தட்டையான பலகையால் இறுக மூடினால் இயந்திரம் நின்றுவிடும். கையால் மூடுதல் ஆகாது, காயம் நேரும். துணியும் உள்ளே இழுக்கப்படும். ஆதலால் அளவான பலகைத் துண்டொன்றை உழவு இயந்திரத்துடன் எப்போதும் வைத்திருத்தல் நல்லது.

7. வெள்ளைத் துணிச் சோதனை

எவ்வகை இயந்திரமாயினும், புதிய வடிகட்டி பூட்டி ஐந்து மணித்தியாலம் வேலை செய்தபின் அதனைக் கழற்றி, வடிகட்டியைத் தாண்டிய குழாயின் உட்புறத்தைச் சுத்தமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கவும். துணியில் மண்ணிறம் படிந்தால், அல்லது விரல்களுக்கிடையில் தேய்க்கும்போது நறநறத்தால், வடிகட்டி தன் வேலையைச் செய்யவில்லை. ஓசை எத்துணை இனிமையாயிருப்பினும் அதனை நீக்குக. துணி வெள்ளையாகவே இருப்பின், ஓசை சற்று உரத்திருப்பினும் அஞ்சவேண்டியதில்லை.

8. வலு கூடுமா?

திறந்த வடிகட்டியாற் கூடுதலான நீர் இறைக்கலாம் என்பது பெரும்பாலும் மயக்கமே. இயந்திரத்தின் வேகத்தைக் கவனர் கட்டுப்படுத்துகின்றது. பம்பு தரும் நீரோ வேகத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், வேண்டிய வலு மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றது. எரிபொருளும் அதற்கேற்பச் செலவாகின்றது. 2022 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது கமக்காரர் பட்ட துன்பம் மறக்கத்தக்கதன்று. 1990 ஆம் ஆண்டுகளில் எரிபொருட் தடையின்போது, சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, கிடைத்த மண்ணெண்ணெயைச் சிக்கனமாக எரித்துப் பயிர்களைக் காத்தவர்களும் இக்குடாநாட்டுக் கமக்காரரே.

மேலும், சுண்ணாம்புக் கற்பாறைகளுக்கிடையே நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்திற்கு அது நிலைபெறும். மேலேயுள்ள ஓர் அடியை வற்ற இறைத்தால், கீழிருந்து உவர்நீர் மேலேறும். கடலுக்கு அண்மையிலுள்ள வல்வெட்டித்துறைக் கிணறுகளை விரைந்து வற்ற இறைத்தலிலும், அளவாக இறைத்து ஊறவிட்டு இறைத்தலே நிலத்திற்கும் பயிருக்கும் நன்மை தரும்.

9. வடிகட்டியைப் பேணும் முறை

பஞ்சு வடிகட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, இயந்திர எண்ணெயில் நனைத்துப் பிழிந்து பூட்டவும். உலர்ந்த பஞ்சு புழுதியைப் பிடிக்காது; எண்ணெய் வடியும் பஞ்சு காற்றைத் தடுக்கும். கடதாசி வடிகட்டியைக் கழுவுதலும் எண்ணெயிடுதலும் கூடா. மெல்லத் தட்டிப் புழுதியை நீக்கி, அழுக்கு மிகுந்தால் மாற்றிவிடவும். 50 மணித்தியால வேலைக்கு ஒருமுறை துப்புரவு செய்தல் பொதுவிதி. சோழகக் காலத்தில் நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

ஆடி மாதத்தில் வெங்காயம் நடுப்பருவத்தில் நிற்க, ஒரு கமக்காரரின் இயந்திரம் புதிய வடிகட்டியுடன் உறுமவும் சீறவும் தொடங்கிற்று என்று வைத்துக்கொள்வோம். அவர் பழைய வடிகட்டியைப் பூட்டிப் பார்க்கின்றார். இரண்டு ஓசைகளும் மறைகின்றன. புதியதை மீண்டும் பூட்டிச் சவர்க்கார நீர் தடவுகின்றார். வளையத்தின் கீழே ஓர் ஓட்டை தெரிகின்றது. வளையத்தை மாற்றியதும் சீறல் நிற்கின்றது. உறுமல் மட்டும் எஞ்சுகின்றது. ஐந்து மணித்தியாலத்தின் பின் வெள்ளைத் துணி வெள்ளையாகவே வருகின்றது. அவருக்குச் செலவானது ஒரு வளையத்தின் விலையும் அரை நாளும் மட்டுமே. சீறலைக் கவனியாது விட்டிருந்தால், இயந்திரம் உள்ளே தேய்ந்து வலுவிழந்து, பயிர் நீர் கேட்கும் நாளிலே நின்றுபோயிருக்கும்.

ஆகவே, கமக்காரர்களே, இயந்திரம் எழுப்பும் புதிய ஓசையைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம். அதனை அசட்டை செய்யவும் வேண்டாம். மேற்கூறிய சோதனைகளை ஒழுங்காகச் செய்து காரணத்தைக் கண்டறிக. இவற்றாலும் காரணம் புலப்படாவிடின், உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை அணுகி, அனுபவம் வாய்ந்த திருத்துநரின் உதவியைப் பெறுக.